வெள்ள நாளில் நிரம்பிய நினைவகம்

போன மாதம் பிரவீனா போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கந்தோரின், அதாவது அலுவலகத்தின், கணினிப் பிரிவைப் பார்ப்பவள் அவள். "சேர்வர் ரெண்டு தரம் விழுந்திட்டு மிஸ். மெமரி லிமிட்டைக் கூட்டி விட்டம். இப்ப ஓடுது" என்றாள். நல்லது என்றேன். என் சேவைக்காலம் முழுக்க இதே வாக்கியத்தைப் பல பேருடைய வாயால் கேட்டாயிற்று. கூட்டி விட்டோம், ஓடுகிறது. ஓடத்தான் செய்யும், அடுத்த மாரிமழை வரும்வரை.

அவள் இன்னொன்றும் கேட்டாள். அந்த வெள்ள வருடத்தில் நடந்ததைக் கந்தோரில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எதை நம்புவது என்று தெரியாமல் இருக்கிறார்களாம். நீங்கள் எழுதித் தந்தால் நல்லது மிஸ் என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பல நாள் பேசாமல் இருந்துவிட்டேன். மறந்ததால் அல்ல. அதை நினைத்தாலே உடம்பில் ஒரு களைப்பு வருகிறது. நினைப்பதற்கே இப்படி என்றால் எழுதுவதற்கு எப்படி இருக்கும்.

நான் வந்தாறுமூலையில் கணிதம் படித்தேன். போரால் பல்கலைக்கழகம் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். படித்து முடிக்கும் வயதைத் தாண்டித்தான் முடித்தேன். பிறகு கொழும்பில் நிரலாக்கம் படித்தேன், ஊருக்குத் திரும்பினேன், தரவு பதிகிற வேலையில் சேர்ந்தேன், மெல்ல மெல்ல சேர்வர் பக்கம் வந்தேன். என் படிப்புக் கதை இவ்வளவுதான். வேலை என்று சொல்லத்தக்கது எல்லாம் யோகராசா சேரின் கீழ் செய்தது.

எங்கள் கந்தோரின் வேலை வெள்ள எச்சரிக்கை. மேற்கே இருக்கும் குளங்களின் நீர்மட்டமும், எப்போது எந்த வான்கதவைத் திறக்கப் போகிறார்கள் என்பதும் எங்களுக்கு வரும். அந்தத் தண்ணீர் இறங்கி வரும் வழியில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல்வெளிகள், வட்டைகள் என்போம், கிடக்கின்றன. மாரியில் அங்கே ஆட்கள் வாடி என்கிற குடில் போட்டுக் காவல் இருப்பார்கள். அவர்களுக்கும், வாவியில் வலை போடுகிறவர்களுக்கும் போனில் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்புவதற்குக் கொழும்பில் ஒரு நிறுவனம் ஜாவாவில் நிரல் எழுதித் தந்திருந்தது.

ஜாவா நிரல் கணினியில் நேரடியாக ஓடாது. மெய்நிகர் இயந்திரம் என்ற ஒன்றுக்குள் ஓடும். அதைத் தொடக்கும்போதே, இவ்வளவு நினைவகத்துக்கு மேல் எடுக்காதே என்று ஓர் எண் கொடுத்துவிடுவோம். அதுதான் எல்லை. உள்ளே நிரல் தன் வேலைக்கு வேண்டியதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேண்டாதவற்றை இயந்திரமே தேடி அகற்றும். ஆனால் நிரலின் ஏதாவது ஒரு மூலை ஒன்றை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், அதை அகற்ற இயந்திரத்துக்கு உரிமை இல்லை. பிடித்து வைத்தவை பெருகப் பெருக, துப்புரவு செய்வதிலேயே அதன் நேரம் போகும். உண்மையான வேலை மந்தமாகும். கடைசியில், இடம் போதாது என்று ஒரு வரி எழுதிவிட்டு விழும். இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

யோகராசா சேர் எங்கள் பிரிவின் தலைவர். மெதடிஸ்த சேர்ச்சில் வேதம் வாசிக்கிறவர். நிரல் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பையும் அதே குரலில்தான் வாசிப்பார், சத்தமாக, அவசரம் இல்லாமல். ஆனால் கீழிருந்து மேலாக. சாவு கடைசி வரியில் இருக்கும், நோய் வருத்தம் மேலே எங்கேயோ தொடங்கியிருக்கும் என்பார். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ குடிப்பார். அவர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் விசைப்பலகையைத் தொடக்கூடாது. அது யோசிப்பதற்கு அவர் எங்களுக்குத் தரும் நேரம் என்று வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

நிரல் விழுந்தால் அவர் கேட்பது மூன்றே கேள்வி. "என்ன கேட்டது? எவ்வளவு குடுத்தம்? ஆரு விடாமப் பிடிச்சிருக்கிற?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வராமல் எல்லையைக் கூட்டக் கையெழுத்துப் போட மாட்டார். மேலிடத்தில் இருந்து போன் வந்தாலும் போட மாட்டார். அதனால் அவரைப் பிடிவாதக்காரர் என்பார்கள். பிடிவாதம்தான். ஆனால் ஒருநாளும் யாரையும் அதட்டியதில்லை.

விழுந்த நிரலை உடனே திரும்பத் தொடக்கக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. நினைவகத்துக்குள் கிடப்பதை எல்லாம் அப்படியே ஒரு கோப்பாக எழுதி எடுக்க வேண்டும். நாங்கள் அதை டம்ப் என்போம். எடுக்கும் நேரம் முழுக்க நிரல் உறைந்து நிற்கும். வெளியே ஆட்கள் சத்தம் போடுவார்கள். அதைப் பொறுத்துக்கொண்டு எடுத்து, அந்தக் கோப்பு உண்மையில் திறக்கிறதா என்று வேறு கணினியில் பார்த்து, பிறகுதான் நிரலைத் தொடக்க வேண்டும். திரும்பத் தொடக்கினால் உள்ளே இருந்தது எல்லாம் அழிந்துவிடும், செத்தவனைக் குளிப்பாட்டி விட்டு வைத்தியரைக் கூப்பிடுகிற மாதிரி என்பார்.

நிரல் எங்களிடம் வந்த முதல் மாரியிலேயே விழத் தொடங்கியது. கொழும்பில் ஓடிய அதே நிரல், அதே எல்லை. அங்கே விழவில்லை, இங்கே விழுந்தது. டம்பை எடுத்துப் பார்த்தோம். காரணம் எங்கள் மொழி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு அந்த இயந்திரம் கொடுக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு இடம் தமிழ் எழுத்துக்கு வேண்டும். போதாததற்கு, ஆங்கிலத்தில் ஒரே துண்டாகப் போகும் குறுஞ்செய்தி தமிழில் இரண்டு மூன்று துண்டாக உடையும். கொழும்பில் ஆங்கிலச் செய்தியை வைத்து அளந்துதான் அந்த எல்லையை வைத்திருந்தார்கள். சேர் அன்று சிரித்தார். "ஆரும் பிடிச்சிருக்கல்ல ரெஜினா. எங்கட பாசைக்கு இடம் விடாம அளந்திருக்காங்க" என்றார். எல்லையைக் கூட்டச் சொல்லி அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்ட ஒரே தடவை அதுதான்.

அதற்குப் பிறகு நிரல் நன்றாகவே ஓடியது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மழை தொடங்கினால் வட்டையில் இருப்பவர்கள் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுப்பார்கள், செய்தி வந்தால் எழும்பி வருவார்கள். முன்பெல்லாம் வானத்தைப் பார்த்தும் ஆற்றின் இரைச்சலைக் கேட்டும் வட்டையை விட்டு வெளிக்கிட்டவர்கள் அவர்கள். நாங்கள்தான் கூட்டம் கூட்டமாகப் போய், செய்தி வரும், அதுவரை பயப்பட வேண்டாம் என்று சொல்லிப் பழக்கினோம்.

அந்த வருடம் மழை விட்டுவிட்டுப் பெய்யவில்லை, ஒரே பிடியாகப் பெய்தது. படுவான்கரையில் மின்சாரம் போய்விட்டது. காலையில் வாவியோரத் தெருவில் தண்ணீருக்குள் நடந்து நான் கந்தோருக்கு வந்து சேர்ந்தேன். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. காலைச் செய்திகள் அனுப்பப்பட்டன என்று இருந்தது. மதியத்துக்கு முன்பே பெரிய குளத்தில் இருந்து போன் வந்தது. வான்கதவுகளை இன்னும் உயர்த்தப் போகிறார்கள், கீழே உள்ளவர்களை எழுப்புங்கள் என்றார்கள். நாங்கள் அடுத்த செய்தியை ஏற்றினோம். அது போகவில்லை. போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று போகும், நிற்கும், வெகுநேரம் கழித்து இன்னொன்று போகும். இயந்திரம் முழு மூச்சாகத் துப்புரவு செய்துகொண்டிருந்தது. அகற்றுவதற்கு அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

எங்களோடு சுதன் என்று ஒருவர் வேலை செய்தார். கெட்டிக்காரர், அவருடைய அம்மாவின் ஊரும் படுவான்கரைதான். எல்லையைக் கூட்டி உடனே திரும்பத் தொடக்குவோம், விதியைப் பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சனங்கள் தண்ணீருக்குள் நிற்கும்போது கோப்பு எடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

சேர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதிவுக் கோப்பைக் கீழிருந்து வாசிக்கத் தொடங்கினார். அன்று பிளேன்ரீ இல்லை. மேலே போகப் போக அவர் குரல் தாழ்ந்தது, பிறகு நின்றது. நாங்கள் குனிந்து பார்த்தோம். காலையில், நாங்கள் யாரும் வரும் முன்பே, நிரல் ஒரு தடவை விழுந்திருக்கிறது. விழுந்து தானாகவே எழும்பியிருக்கிறது. அந்த வருடம்தான் கொழும்பு நிறுவனம், விழுந்தால் தானாகத் தொடக்கும் வசதியை வைத்திருந்தது. நல்லது என்று நினைத்து வைத்ததுதான். அது எழும்பியபோது உள்ளே இருந்தது எல்லாம் அழிந்துபோயிற்று. அதனால்தான் காலையில் திரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"உள்ளுக்க என்ன கிடக்கெண்டு தெரியாமத் திருப்பித் தொடக்கினா, காலமை நடந்ததுதான் இப்பவும் நடக்கும்" என்றார் சேர். "டம்ப் எடுங்க. சுதன், நீங்க போனை எடுத்து ஜீ.எஸ். மாரை ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்க. மெசினை நம்ப வேணாம்."

ஜீ.எஸ். என்றால் கிராம சேவகர். சுதன் அழைத்துக்கொண்டே இருந்தார். சிலருக்கு மணி போனது, பலருக்குப் போகவில்லை. நான் டம்பை எடுத்தேன். நிரல் உறைந்து நின்றது. ஒரு செய்தியும் போகவில்லை. கந்தோருக்கே தலைவரான பணிப்பாளர் மேல்மாடியில் இருந்து இறங்கி வந்து, ஏன் நிற்கிறது என்று கேட்டார். நான் நிற்பாட்டச் சொன்னேன் என்றார் சேர், திரும்பிப் பார்க்காமலே. பணிப்பாளர் திரும்பி மேலே போனார்.

எடுத்த கோப்பை என் கணினியில் திறந்தேன். திறக்கும் மென்பொருளும் ஜாவாதான். அதுவும் இடம் போதாது என்று விழுந்தது. அழுகை வருகிற நேரம் அது, ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த கணினியில்தான் கந்தோரிலேயே கூடிய நினைவகம் இருந்தது. அங்கே இருந்தவரை எழுப்பிவிட்டு, கோப்பைக் கொண்டுபோய், மென்பொருளின் எல்லையை ஏறும் மட்டும் ஏற்றித் திறந்தேன். அதற்கு யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை.

திறந்ததும் மூன்றாவது கேள்விக்குப் பதில் கண் முன்னே கிடந்தது. செய்தி ஒன்றை அனுப்பினால், போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு பதில் திரும்பி வரும். அந்தப் பதில் வரும்வரை நிரல் செய்தியைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல நாளில் பதில் உடனே வந்துவிடும், நிரலும் விட்டுவிடும். வெள்ள நாளில் மின்சாரம் இல்லை, போன்கள் செத்துப் போயிருந்தன, தொலைத்தொடர்புக் கோபுரங்கள் படுத்துவிட்டன. பதில் வராத ஒவ்வொரு ஆளையும் நிரல் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை பேர் பேசாமல் இருந்தார்களோ அத்தனை பேரும் உள்ளே. திரை எங்களுக்குக் காட்டிய "அனுப்பப்பட்டது" என்பதற்கு, அனுப்பத் தொடங்கிவிட்டோம் என்பதற்கு மேல் ஒரு பொருளும் இல்லை. இந்த நிரல் வெள்ளம் இல்லாத எந்த நாளிலும் நன்றாக ஓடும். வெள்ளம் வருகிற நாளில் விழும். அப்படித்தான் அது கட்டப்பட்டிருந்தது. கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. காய்ந்த நாளில் சோதித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

உள்ளே கிடந்த போன் இலக்கங்களில் பெரும்பகுதி ஒரே பக்கத்து வட்டைகள். ஆற்றின் வளைவில் இருப்பவை. நான் இலக்கங்களை வாசிக்க வாசிக்க, எந்த வட்டை என்று சுதன் சொன்னார். சேர் அந்தப் பக்கத்து ஜீ.எஸ்.ஸைப் போனில் பிடித்துவிட்டார். அந்த மனிதர் ஆட்களைத் திரட்டி, போகும் தூரம் உழவு இயந்திரத்திலும் மிச்சத்துக்குத் தோணியிலுமாகப் போனார். பொழுது சாயும் முன் அந்த வளைவில் வாடிகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். சுதன் மேசையில் தலையை வைத்துக் கிடந்தார். நான் நிரலைத் திரும்பத் தொடக்கினேன். அது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

காலையில் அழிந்துபோன செய்திகளுக்கு உரிய வட்டைகள் வேறு. அங்கிருந்தும் கிட்டத்தட்ட எல்லோரும் தாங்களாகவே வெளியேறியிருந்தார்கள். ஒருவரைத் தவிர. வேலாப்போடி என்று பெயர், வயது போனவர். தண்ணீர் வற்றிய பிறகுதான் உடலை எடுத்தார்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரலைத் திருத்தினோம். பதில் வராத செய்தியைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் நினைவகத்தில் வைத்திருக்கக்கூடாது என்று ஆக்கினோம். ஆனால் சேர் ஒரு நிபந்தனை வைத்தார். நினைவகம் விடலாம், நாங்கள் விடக்கூடாது. விடும் ஒவ்வொரு இலக்கத்தையும் கணினியின் வன்வட்டில் எழுதி, அந்த ஊர் ஜீ.எஸ்.ஸுக்குக் காட்ட வேண்டும், அவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தானாக எழும்பும் வசதியை எடுத்துவிட்டோம். பணிப்பாளர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் காலைச் செய்திகள் அனுப்பப்பட்டன என்று இருந்தது. பதிவுக் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது, அதில் பொய் இல்லை என்றார். சேர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட மறுத்தார். அவை போய்ச் சேர்ந்தனவா என்று தெரியாது எனத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவரை வாகனப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தே ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்கு நாங்கள் சிலர் மட்டும் போனோம். அவர் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர், கேட்டதும் எல்லையைக் கூட்டிக் கொடுப்பார். நானும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது கேள்விக்காகச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

பிரவீனாவும் அவளோடு வேலை செய்கிறவர்களும் இதை வாசித்தால், கூட்ட வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். கூட்டத்தான் வேண்டிவரும். இப்போது ஒரு கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதுமாம், சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாதாம். வசதிதான். உள்ளே யார் கிடக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தெருக்கள் திறந்த பிறகு ஒரு நாள் முற்பகல் வேலாப்போடியின் மகள் கந்தோருக்கு வந்தார். கமலா என்று பெயர். என்னைவிட இளையவர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். செருப்பில் சேறு காய்ந்திருந்தது. பணிப்பாளரைக் கண்டுவிட்டு, அங்கே ஆறுதல் சொல்லி அனுப்பிய பிறகு, யாரோ வழி காட்ட எங்கள் அறைக்கு வந்திருந்தார். சேர் எழும்பி நின்று, "இரிங்க மகள்" என்று கதிரையைக் காட்டினார்.

அவர் அழவில்லை. அன்று விடியற்காலையிலேயே தகப்பனுக்குப் போன் பண்ணியதைச் சொன்னார். ஆறு இரைகிறது, வந்துவிடுங்கள் என்று சொன்னாராம். பயிர் நிற்கிறது, சும்மா சும்மா விட்டுவிட்டு வர முடியாது என்றாராம் தகப்பன். கடைசியில், "மெசேஜ் வந்தா வாறன் மகள், நீ யோசிக்காத" என்று சொல்லிவிட்டு வைத்தாராம். அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை.

"அதத்தான் கேக்க வந்தன்" என்றார். "மெசேஜ் போனதா?"

சேர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் வேறு ஏதாவது சொல்லமாட்டாரா என்று இருந்தது. "தெரியா மகள்" என்றார்.

"மேல அனுப்பினதெண்டு சொன்னாங்களே சேர்."

சேர் அவருக்கு விளக்கினார். வேதம் வாசிக்கிற அதே குரலில், ஒரு சொல்லையும் விழுங்காமல். உங்கள் அப்பாவின் வட்டைக்கான செய்திகளை இயந்திரம் அனுப்பத் தொடங்கியது, அதற்கு அத்தாட்சி இருக்கிறது, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டது, விழும் முன் அப்பாவின் இலக்கத்துக்குப் போனதா இல்லையா என்பது அதற்குள்தான் இருந்தது, அது அழிந்துவிட்டது. போன் நிறுவனத்திடமும் விவரம் கேட்டோம், தரவில்லை. "இப்பவும் எங்களுக்குத் தெரியா. இனியும் தெரிய வராது" என்றார்.

கமலா என்னைப் பார்த்தார். "நீங்களும் அப்பிடித்தானா சொல்றீங்க மிஸ்?"

"ஓம்" என்றேன்.

வெளியே யாரோ சைக்கிளை நிற்பாட்டும் சத்தம் கேட்டது. செய்தி போயிருந்தால் தகப்பன் சொன்ன சொல்லை மீறி அங்கேயே இருந்திருக்கிறார். போகாவிட்டால் எங்களை நம்பிக் காத்திருந்திருக்கிறார். இரண்டில் ஒன்றை அந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் எதையும் கொடுக்கவில்லை.

பிறகு அவர் எழும்பினார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"அப்ப வந்திருக்காது" என்றார், எங்களிடம் என்று இல்லாமல். "வந்திருந்தா அப்பா வந்திருப்பார்."

சேர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெரு வாசல்வரை அவரோடு நடந்து போனார். நானும் பின்னால் போனேன். பஸ் வர நேரமெடுத்தது. அது வரும்வரை நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம்.